நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பியாயிற்று

டிபன் பாக்ஸைத் திறந்து கால் மணி நேரமாகியும் செண்பகவல்லி ஒரு வாய் எடுத்து வைக்கவில்லை. தக்காளிச் சோறு. காலையில் தாளிக்கும்போது மாடிப்படி வரைக்கும் மணந்தது. இப்போது மூடியைத் திறந்தால் வெங்காய வாடை மட்டும் குப்பென்று வந்தது. மதிய இடைவேளை. ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில் அவளைத் தவிர ஆளில்லை. கம்ப்யூட்டரில் ஒரு வெள்ளைத் தாள் திறந்து கிடந்தது, அதன் தலையில் 'அனுப்புநர்' என்ற ஒரே வார்த்தை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், வராந்தா பெஞ்சில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். பொன்இசக்கி, பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்று இரண்டு தடவை சொல்லியாயிற்று. "பசிக்கலிங்க மேடம்." பசிக்காமல் என்ன, பதினொன்றே முக்காலிலிருந்து அங்கேயேதான் இருக்கிறாள். விஷயம் இவ்வளவுதான்: உதவித்தொகையை வருஷா வருஷம் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும், கடைசித் தேதி முடிந்து ஒன்பது நாளாகிவிட்டது, இவள் புதுப்பிக்கவில்லை. எனக்கு மெசேஜே வரவில்லை என்கிறாள். மாவட்ட அலுவலகத்து அம்மா போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: காலேஜ் பக்கத்துத் தப்பு என்று எழுத்தில் கொடுத்தால் இன்றைக்கு ஐந்து மணி வரைக்கும் அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் இணையதளத்தைத் திறந்துவிடுகிறேன், பிள்ளையின் கவனக்குறைவு என்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம். யார் தப்பு என்று ஒரு கடிதம் வேண்டும். எழுத வேண்டியது செக்‌ஷன் கிளார்க். செக்‌ஷன் கிளார்க் செண்பகவல்லி. இரண்டு மணிக்குள் கடிதம் மேஜைக்கு வர வேண்டும் என்று சூப்பிரண்ட் தங்கமாரியப்பன் சொல்லிவிட்டு வீட்டுச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்.

அனுப்பினேன். அனுப்பியது சத்தியம். ஒரு தடவையா, எட்டுத் தடவை. 'அன்பு மாணவ மாணவியரே' என்று ஆரம்பித்து எட்டுத் தடவை, நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும். கடைசி இரண்டில் சிவப்பு மணிப் படமெல்லாம் போட்டு, 'இறுதி நினைவூட்டல்' என்று தடித்த எழுத்தில். இதற்கு மேல் ஒருத்தி என்ன செய்வாள்? வீடு வீடாகப் போய்த் தட்டுவாளா? எந்தக் காலேஜில் எந்தக் கிளார்க் இவ்வளவு செய்கிறாள் சொல்லுங்கள். முன்பெல்லாம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாளை ஒட்டினால் முடிந்தது கதை, பார்த்தவன் பார்த்தான். செண்பகவல்லிதான் வாட்ஸப் குரூப் ஆரம்பித்தாள். அதில் ஒருவன் அக்கா கல்யாணப் பத்திரிகையைப் போட்டான், இன்னொருவன் விடிந்தால் போதும் ரோஜாப்பூ, மூன்றாவது ஆள் என்னவோ கேவலமான ஸ்டிக்கரைப் போட்டு அது பிரின்சிபால் வரைக்கும் போய், குரூப்பை உடனே மூடு என்று உத்தரவு. அப்புறம்தான் இந்த பிராட்காஸ்ட். ஆட்களை இரண்டு பட்டியலாகப் பிரித்து, ஒரே மெசேஜை எழுதி ஒரு அழுத்து அழுத்தினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போய்விடும், ஒருத்தர் அனுப்புவது இன்னொருத்தர் கண்ணில் படாது. இவளே போனைத் தடவித் தடவிக் கண்டுபிடித்தது. ஸ்டாஃப் மீட்டிங்கில் பிரின்சிபால் எழுந்து, நம்ம செண்பகவல்லி மேடத்தைப் பார்த்து மற்ற செக்‌ஷன் எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். கை தட்டினார்கள். லைப்ரரி ஆள் மட்டும் தட்டவில்லை. வீட்டுக்குப் போய் அதைத்தான் முதலில் சொன்னாள், மனுஷன் ஒருவன் தட்டவில்லை என்பதை. அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமையோடுதான் நேற்று சூப்பிரண்ட் முன்னால் போனை நீட்டினாள். "பாருங்க சார், தேதியோட இருக்கு. நானூத்திப் பன்னெண்டு பேர். இதுல இவ பேரும் இருக்கு." இருந்தது. இரண்டாம் ஆண்டு வரலாறு பொன்இசக்கி என்று செண்பகவல்லியே தட்டிப் பதிந்து வைத்த பேர். தங்கமாரியப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார், தலையை ஆட்டினார். பிள்ளையும் தன் போனை நீட்டினாள். ஓரத்தில் விரிசல் விட்ட போன், பின்பக்க மூடிக்கு ரப்பர் பேண்ட். அதில் ஒன்றும் இல்லை. அப்போது செண்பகவல்லி ஒன்று சொன்னாள். என்ன சொன்னாள்? "எடம் பத்தலைன்னு நீயே அழிச்சிருப்ப." ஆமாம், அதேதான். பிள்ளை போனைப் பார்த்தாள், அப்புறம் இவளைப் பார்த்தாள், அழித்திருப்போமோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம் வந்த மாதிரி. அந்தப் பார்வையைத்தான் இன்றைக்குக் காலையிலிருந்து தள்ளிவிட முடியவில்லை. தெரிந்து சொன்ன பொய் இல்லையே அது. நேற்று எனக்குத் தெரியாதே. நேற்று நிஜமாகவே அவள் அழித்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். நினைத்தேனா? கொஞ்சம் நினைத்தேன். மீதிக்கு, அப்படி இருந்துவிட்டால் நமக்கு நல்லது என்று நினைத்தேன்.

தெரிந்தது இன்று காலை எட்டு இருபது பஸ்ஸில். கோயம்புத்தூரிலிருந்து மகன் அருள்குமரன் போன் செய்தான், வழக்கமாகச் செய்வதுதான், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா. பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னாள், பாருடா இந்தக் காலத்துப் பிள்ளைகள், எட்டு மெசேஜ் போட்டும் வரலைங்குது என்று. அவன் சிரித்தான். "அம்மா, பிராட்காஸ்ட் எல்லாருக்கும் போகாதும்மா. உன் நம்பரை யார் போன்ல பதிஞ்சு வச்சிருக்காங்களோ அவங்களுக்குத்தான் போகும். பதியாதவங்களுக்குப் போகவே போகாது. மெசேஜை அழுத்திப் பிடிச்சு இன்ஃபோவைப் பாரு, யாருக்குப் போச்சுன்னு தெரியும்." அப்படியா என்றாள். "உனக்குத் தெரியாதா?" என்றான். தெரியுமே என்றாள். பாருங்கள், பெற்ற பிள்ளையிடம் என்ன வீம்பு. போனை வைத்துவிட்டு அவன் சொன்ன இடத்தை அழுத்திப் பார்த்தாள். பஸ் குலுங்கியது, பக்கத்து சீட்டுப் பூக்காரம்மாவின் கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிப் புடவைக் கரை நனைந்தது. போய்ச் சேர்ந்தவர்கள் என்று ஒரு பட்டியல். இரண்டு பட்டியலையும் கூட்டினால் முந்நூற்று எழுபத்தொன்று. மேலிருந்து கீழே தள்ளினாள், கீழிருந்து மேலே தள்ளினாள். பொன்இசக்கி அதில் இல்லை. எட்டு மெசேஜையும் பார்த்தாள். எட்டிலும் இல்லை. பஸ் ஸ்டாண்ட் வந்து எல்லாரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து தட்ட வேண்டியிருந்தது.

சரி, தெரியாமல் நடந்தது. தெரியாமல் நடந்ததற்கு யார் என்ன செய்ய முடியும்? நம்பரைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று முதல் நாளே சொன்னேனே, பிள்ளை பதியவில்லை என்றால் அது பிள்ளையின் தப்புத்தானே. இப்படி ஒரு வாசல் தெரிந்ததும் மனசு அதற்குள் ஓடிப் பார்த்தது. ஓடின வேகத்தில் திரும்பி வந்தது. பதியாமல் இல்லை, பதிந்திருந்தாள். பதிந்திருந்ததால்தான் போன வருஷம் கூப்பிட்டாள். அன்றைக்கு மாமனார் திதி. காலை ஏழு மணிகூட இருக்காது. ஈரப்புடவை காலில் ஒட்டிக்கொண்டு, கையெல்லாம் உளுந்து மாவு, அடுப்பில் எண்ணெய் காய்ந்துவிட்டது, ஐயர் ஒன்பதரைக்கு வேறொரு வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார். போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. முழங்கையால் தள்ளி எடுத்தாள். "மேடம், பணம் இன்னும் ஏறலிங்க மேடம், ஹாஸ்டல்ல கேக்காக." அப்போது இவள் என்ன சொன்னாள்? இந்த இடத்தில்தான் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறாள். வேலை நேரத்தில் கூப்பிடும்மா என்றுதானே சொன்னேன். இல்லை. இது என் சொந்த நம்பர் என்றேன். அது நியாயம்தானே, காலேஜ் ஒரு போன் வாங்கித் தரவில்லை, என் காசில் ரீசார்ஜ் செய்து என் போனில் ஊருக்கு உழைக்கிறேன். அதற்கப்புறம்? மாவு வழிந்து போன் கையிலிருந்து வழுக்கியது. அதற்கப்புறம் கத்தினேன். "உனக்கெல்லாம் நம்பரைக் குடுத்ததே தப்பு. இன்னொரு தடவை இந்த நம்பருக்குக் கூப்பிட்ட, நடக்கறதே வேற. முதல்ல என் நம்பரை அழி." அழி என்றேனா, வச்சுக்காதே என்றேனா? அழி என்றுதான். "அழிச்சிட்டுத்தான் மறுவேலை பாக்கணும்" என்றுகூடச் சொன்னேன். அந்தப் பக்கம் "சரிங்க மேடம்" என்று ஒரு குரல். வடை அன்றைக்குக் கருகிவிட்டது, அதற்கும் அவளைத்தான் திட்டினேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிள்ளை எழுந்து போய்க் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தாள். வரிசையாகக் காலியாகக் கிடக்கிற பெஞ்சுகளில் கதவோரம் இருக்கிறதுதான் வேண்டும் அவளுக்கு, கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமே. போய்ச் சேராதவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் நாற்பது பேர் எப்படியோ புதுப்பித்துவிட்டார்கள், பக்கத்து பெஞ்சுக்காரி சொல்லியோ, கேன்டீனில் காதில் விழுந்தோ. இவளுக்கு அதுவும் இல்லை. புதுப்பிக்கக் கொடுத்திருந்த இரண்டு வாரமும் அம்மாவோடு பெரியாஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். கர்ப்பப்பை ஆபரேஷன். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு. வகுப்புக்கு வர முடியாத பிள்ளைக்குச் செய்தி போக வேண்டும் என்றுதானே இந்தப் போன், இந்த பிராட்காஸ்ட், அந்தக் கைதட்டல் எல்லாம். நேற்று சூப்பிரண்ட் ரூமை விட்டு வெளியே வந்ததும் பிள்ளை மெதுவாக ஒன்று சொன்னாள், புகார் மாதிரிகூட இல்லை, தகவல் மாதிரி. "திங்கக்கிழமை மில் வண்டி வருதுங்க மேடம். பக்கத்து வீட்டு அக்கா நூல் மில்லு வேலைக்குப் போகுது. ஸ்காலர்ஷிப் இல்லேன்னா என்னையும் அதுலயே போகச் சொல்லிருச்சு அம்மா." இன்றைக்கு வெள்ளி. இன்று ஐந்து மணியை விட்டால் அப்புறம் சனி, ஞாயிறு, மில் வண்டி. வண்டியில் ஏறின பிள்ளை அடுத்த வருஷம் இறங்கி வந்து மூன்றாம் ஆண்டில் உட்கார்ந்ததாக இந்தப் பத்தொன்பது வருஷ வேலையில் செண்பகவல்லி ஒருத்தியைக்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் மே மாதம் தங்கமாரியப்பன் ரிட்டயர் ஆகிறார். அடுத்த சூப்பிரண்ட் பட்டியலில் முதல் பேர் இவளுடையது, இரண்டாவது பேர் அக்கவுண்ட்ஸ் ஜெயசெல்வி. இந்த நேரத்தில் என் தப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மெமோ வரும். மெமோ வந்தால் பட்டியலில் பேர் இறங்கும். பத்தொன்பது வருஷம் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் வந்து, கடைசியில் ஒரு போன் பட்டனுக்காகவா? பட்டனுக்காக இல்லையடி, உன் வாய்க்காக. வேண்டுமானால் இப்படிச் செய்யலாம். பிள்ளையின் ஹாஸ்டல் செலவுக்கு நாமே ஏதாவது கொடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாமல். கொடுக்கலாம்தான். எவ்வளவு நாளைக்கு? அதுவும் எந்த முகத்தோடு? இரக்கப்பட்டுக் கொடுக்கிற முகத்தோடா? சீ என்று இருந்தது. டிபன் பாக்ஸை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி திறந்து அழுத்தி மூடினாள். ஒன்று முப்பத்தைந்து. 'அனுப்புநர்' என்ற வார்த்தைக்குக் கீழே பேரும் பதவியும் அடித்தாள். பொருள்: உதவித்தொகை புதுப்பித்தல் தொடர்பாக. அது வரைக்கும் விரல் தானாகப் போனது, எத்தனை ஆயிரம் கடிதம் அடித்த விரல். 'மேற்படி மாணவிக்கு உரிய காலத்தில் தகவல் அனுப்பப்பட்டும்' என்று அதுவாகவே ஓடியது. அனுப்பப்பட்டும். அதில் பொய் எங்கே இருக்கிறது? எந்தக் கோர்ட்டிலும் நிற்கும். அங்கேயே நிறுத்திவிட்டு அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்." பிள்ளை கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். ஆபீஸ் அறைக்குச் செருப்போடு வரலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை போல. கையில் கோடு போட்ட தாள். சார் சாப்பிடப் போகும்போது ஒரு லெட்டர் எழுதிவைக்கச் சொன்னார், உங்களிடம் காட்டி வாங்கிக்கொள்ளச் சொன்னார் என்றாள். செண்பகவல்லி வாங்கிப் பார்த்தாள். அழகான கையெழுத்து. 'எனக்கு வாட்ஸப் மூலம் தகவல் வந்தும் எனது கவனக்குறைவால் பார்க்கத் தவறிவிட்டேன். இதற்கு நானே முழுப் பொறுப்பு.' "தகவல் வந்துச்சா உனக்கு?" என்று கேட்டாள். "வரலிங்க மேடம். சார்தான் வந்துச்சுன்னு எழுதச் சொன்னாக. வந்துச்சுன்னே இருக்கட்டுமா, மாத்தணுமா மேடம்? மாத்தணும்னா வேற தாள் இருக்கு." பையிலிருந்து இன்னொரு தாளை எடுக்கவே போய்விட்டாள். செண்பகவல்லி அவள் கையைத் தடுத்தாள். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கேட்டாள். "என் நம்பர் உன் போன்ல இருக்கா?" பிள்ளையின் முகத்தில் ஒரு பயம் வந்து போனது, பழைய தப்பைத் தோண்டுகிறார்களோ என்கிற பயம். அவசரமாகத் தலையாட்டினாள். "இல்லிங்க மேடம். நீங்க அன்னைக்கே அழிக்கச் சொன்னீகள்ல, உடனே அழிச்சிட்டேன். அதுக்கப்புறம் ஒரு தடவகூடக் கூப்பிடலிங்க மேடம். வேணும்னா பாருங்க." போனை நீட்டினாள்.

பார்க்கவில்லை. அவள் எழுதிய தாளை நாலாய் மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, போய் உட்காரு என்றாள். பிள்ளை போனதும் அந்த 'அனுப்பப்பட்டும்' வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். 'அலுவலகத்தில் தகவல் அனுப்பிய முறையில் ஏற்பட்ட பிழையால் மேற்படி மாணவிக்குத் தகவல் சென்று சேரவில்லை. இப்பிழைக்கு நானே பொறுப்பு. மாணவியின் மீது எந்தத் தவறும் இல்லை.' அதோடு இன்னொரு வரியும் அடித்தாள். 'எனது கைபேசி எண்ணை அழித்துவிடும்படி நானே மாணவியைக் கடிந்து கூறியதால்.' வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. அதைப் படித்தாள். பிரின்சிபால் படிப்பார், ஜெயசெல்வி படிப்பாள், மாவட்ட அலுவலகத்து அம்மா படிப்பார். இதைத் திறந்துவிடுவதற்கு அந்த வரி தேவையில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், தேவையில்லாததுதான், மேலே இருக்கிற மூன்று வரியே போதும். அழித்தாள். பிரிண்ட் கொடுத்தாள். இரண்டு மணிக்குத் தங்கமாரியப்பன் பல் குத்திக்கொண்டே வந்து, கடிதத்தை ஒரு தடவை படித்து, இவளை ஒரு தடவை பார்த்தார். "ஏம்மா, புத்தி கித்தி பெசகிருச்சா? அந்தப் பிள்ளையே எழுதித் தந்துருச்சுல்ல?" தரவில்லை சார் என்றாள். "மே மாசம் தெரியும்ல?" தெரியும் சார் என்றாள். அவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினார். பிரின்சிபால் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், பேனாவை மேஜையில் வைத்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை.

கடிதம் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், நாலே காலுக்கு இணையதளம் திறந்தது. பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அவள் போனுக்கு வந்த ஓ.டி.பி.யின் ஆறு எண்ணையும் அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல இவள் அடித்தாள். பச்சை நிறத்தில் 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று வந்தது. பிள்ளை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படிங்க மேடம் தொறந்தாங்க? முடியாதுன்னு சொன்னாங்கள்ல?" இதோ, இதற்குத்தான் மத்தியானத்திலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். தப்பு என்னுடையதும்மா, நான்தான் உன்னைத் திட்டி அழிக்கச் சொன்னேன், அழித்தவர்களுக்கு மெசேஜ் வராதும்மா, எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நாலே வாக்கியம். தாளில் கையெழுத்துப் போட்டவளுக்கு இது என்ன கஷ்டம்? வாயைத் திறந்தாள். "ஏதோ சர்வர் கோளாறாம். சரி பண்ணிட்டாங்க." பிள்ளை கையைக் கூப்பினாள். கூப்பின கையோடு, அம்மாகிட்ட சொல்லிக்கிடட்டுமா மேடம் என்று கேட்டு அங்கேயே நின்று போன் போட்டாள். ஆயிருச்சும்மா, ஆயிருச்சு, மேடம்தான் செஞ்சு குடுத்தாங்க, வண்டிக்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிரு. அந்தப் பக்கம் என்னவோ சொன்னார்கள். பிள்ளை போனைத் துடைத்து நீட்டினாள், அம்மா உங்ககிட்டப் பேசணுங்குது. செண்பகவல்லி வாங்கினாள். மூச்சு வாங்குகிற குரல், ஆபரேஷன் செய்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசுகிற குரல். "தாயி, நீங்க நல்லா இருக்கணும். எம்பிள்ளை போனை ஒழுங்காப் பாக்காமச் செஞ்ச தப்புக்கு நீங்க அலைஞ்சிருக்கீங்க. சின்னப்பிள்ளை, தெரியாமச் செஞ்சிருச்சு. மனசுல வச்சுக்கிடாதீங்க தாயி, மன்னிச்சிருங்க." எதிரில் பிள்ளை சிரித்த முகத்தோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பத்தொன்பது வருஷமாகக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பழகிய குரல் செண்பகவல்லியைக் கேட்காமலே எழுந்து வந்தது.

"பரவாயில்லம்மா. இனிமே கவனமா இருக்கச் சொல்லுங்க."